ஒரு தோல்விக்கு ஒரு ஆள்: பிளேஆஃப் நேரத்தில் நாங்கள் ஏன் இப்படி ஆகிறோம்?

வடலி (ஸ்காபரோ) எழுதியது:

ஏழாவது ஆட்டம் முடிந்து ஒரு கிழமை ஆகிறது, இன்னும் ஒழுங்கான நித்திரை இல்லை. இந்தப் பக்கம் கிரிக்கெட் ஆட்கள்தான் அதிகம் என்று தெரியும், ஆனாலும் இதைத் தமிழில் யாரிடமாவது சொல்லாவிட்டால் மனம் ஆறாது.

பேஸ்பால் பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. அணிகள் 162 ஆட்டம் ஆடிவிட்டுத்தான் ஒக்டோபரில் பிளேஆஃபுக்கு, அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்டத்துக்கு, வரும். அதுவரை ஒரு ஆட்டம் தோற்றால் நாளைக்குப் பார்க்கலாம் என்று படுக்கப் போகலாம். ஒக்டோபரில் அது நடக்காது. ஒரு பந்து வீசி அடுத்த பந்து வீசுவதற்கு, ஆள் பேஸில் (ஓட்டம் எடுக்க வரிசையாகத் தொட வேண்டிய இடத்தில்) நின்றால் 18 விநாடி நேரம் இருக்கிறது, அந்த 18 விநாடியும் மூச்சு விடாமல் இருக்க வேண்டும் போல இருக்கும்.

ரொறன்ரோ புளூ ஜேஸ் கடைசியாக வேர்ல்டு சீரிஸ், அதாவது கோப்பைக்கான இறுதித் தொடர், வென்றது 1993இல். நான் அப்போது இந்த நாட்டுக்கு வந்து சேரவில்லை. இந்த வருடம், 2025இல், தீபாவளி அன்று இரவு சியாட்டில் அணியோடு ஏழாவது ஆட்டம். அக்கா வீட்டு பேஸ்மெண்டில் பதினெட்டுப் பேர், பலகாரம் யாரும் தொடவில்லை, 3-1 என்று பின்னுக்கு நிற்கிறோம், ஏழாவது இன்னிங்ஸில் எங்கள் ஸ்பிரிங்கர் அடித்த பந்து இடது பக்கச் சுவருக்கு மேலால் போனது. மூன்று ஓட்டம், 4-3. பேஸ்பால் என்றால் என்னவென்றே தெரியாத அம்மம்மா எழுந்து நின்று கைதட்டினா. மாமா அழுதார். அவர் பிளேஆஃப் தொடங்கின நாளில் போட்ட நீலச் சட்டையை வெற்றி போய்விடும் என்று தோய்க்கவே விடவில்லை, அந்தச் சட்டையோடு என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்.

அப்புறம் நொவம்பர் 1. லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோடு வேர்ல்டு சீரிஸின் கடைசி ஆட்டம். ஒன்பதாவது இன்னிங்ஸில் வெல்ல இரண்டு அவுட் தூரம், அவர்களின் ரோஹாஸ் ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்து 4-4 ஆக்கினார். அதே இன்னிங்ஸின் மறுபாதியில் எங்களுக்கு மூன்று பேஸிலும் ஆள், ஒரு அவுட்தான். வார்ஷோ தரையோடு அடித்தார், ரோஹாஸ் எடுத்து ஹோமுக்கு (ஓட்டம் முடியும் தட்டுக்கு) எறிந்தார், மூன்றாவது பேஸில் இருந்து ஓடி வந்த கைனர்-ஃபலேஃபா ஒரு பாத அளவுக்குப் பிந்திவிட்டார். 11ஆவது இன்னிங்ஸில் 5-4 என்று தோற்றோம்.

அதோடு முடியவில்லை. அன்று இரவில் இருந்து மாமாவுக்கு வேறு கதையே இல்லை. "அவன் இன்னும் ரெண்டடி தள்ளி நிண்டிருந்தால் கப் எங்களுக்கு." வேலை இடத்தில் இதே பேச்சு, டிம் ஹோர்டன்ஸில் கோப்பிக்கு வரிசையில் நிற்கும்போதும் இதே பேச்சு. இணையத்தில் சனம் அந்த மனிதருக்கு எழுதியிருப்பதை இங்கே திரும்ப எழுத எனக்கு விருப்பம் இல்லை. தீபாவளி அன்று என்னைக் கட்டிப்பிடித்து அழுத அதே ஆள்தானே இப்படிக் கதைக்கிறார் என்று எனக்குப் பெரிய கவலையாக இருக்கிறது. இது எங்கே இருந்து வருகிறது? உங்கள் ஊரிலும் இப்படித்தானா?

---

நெய்தல் எழுதியது:

கிரிக்கெட் மட்டுமே பார்ப்பவன் கேட்கிறேன், தப்பாக நினைக்க வேண்டாம். மூன்றாவது பேஸில் நிற்பவர் ஏன் தள்ளி நிற்கவில்லை? நான்-ஸ்ட்ரைக்கர் நாலடி முன்னால் போவது போலத்தானே?

---

வடலி எழுதியது:

நெய்தல், நல்ல கேள்வி. விஷயமே அதற்குள்தான் இருக்கிறது.

தள்ளி நிற்கலாம். ஆனால் அடித்த பந்து தரையில் படாமல் நேராக ஒரு பீல்டர் கைக்குப் போனால், ஓடுபவர் தன் பேஸுக்குத் திரும்பி வந்து தொட வேண்டும். அதற்கு முன் பந்து அங்கே வந்துவிட்டால் அவரும் அவுட். இதற்கு முதல் நாள், ஆறாவது ஆட்டத்தில், எங்களுக்கு நடந்தது இதேதான். 3-1 என்று பின்னுக்கு நிற்கிறோம், கடைசி இன்னிங்ஸ், இரண்டாவது பேஸில் பார்ஜர். ஹிமெனெஸ் அடித்த பந்தை இடது பக்கத்தில் இருந்து ஹெர்னான்டஸ் ஓடி வந்து பிடித்து இரண்டாவது பேஸுக்கு எறிந்தார், பார்ஜர் திரும்புவதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அன்று இரவு முழுக்க மாமா பார்ஜரைத் திட்டினார், ஏன் இவ்வளவு தள்ளிப் போனான் என்று.

அடுத்த நாள் கைனர்-ஃபலேஃபா பேஸுக்குக் கிட்ட நின்றார். அப்படி நிற்கச் சொல்லித்தான் தனக்குச் சொல்லப்பட்டது என்று பிறகு அவரே விளக்கினார், முதல் நாள் நடந்தது திரும்ப நடக்கக்கூடாது என்றுதான். தள்ளி நின்றவருக்கும் திட்டு, கிட்ட நின்றவருக்கும் திட்டு. 24 மணி நேரத்துக்குள்.

இன்னொன்று. அவர் அவுட் ஆன பிறகும் மூன்று பேஸிலும் எங்கள் ஆட்கள்தான். கிளமெண்ட் ஆழமாக அடித்தார், சத்தியமாக முடிந்துவிட்டது என்று நினைத்தோம், சற்று முன்னர்தான் மாற்று ஆட்டக்காரராக உள்ளே வந்த டொட்ஜர்ஸின் பாஹெஸ் தன் சக வீரர் மேலேயே மோதி விழுந்தபடி அதைப் பிடித்தார். முதல் நாள் 96 பந்து வீசின அவர்களின் யமமோட்டோ அடுத்த நாளே வந்து எங்களைச் சுருட்டினார். இதெல்லாம் இருக்க, இரண்டடி மட்டும்தான் சனத்தின் கண்ணில் நிற்கிறது.

---

செல்வி_சிகாகோ எழுதியது:

வடலி தம்பி, இந்தத் தலைப்பைப் பார்த்ததும் வேலையை அப்படியே வைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன். உங்கள் ஊரில் ஒரு ஆட்டக்காரர் மேல் பழி. எங்கள் ஊரில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்திருந்த ஒரு ரசிகர் மேல் பழி விழுந்தது. நான் இந்த ஊருக்கு வந்து நாலு வருடம் ஆகியிருந்த நேரம்.

2003, அக்டோபர் 14. ரிக்லி ஃபீல்டில் ஆறாவது ஆட்டம், சிகாகோ கப்ஸுக்கும் ஃப்ளோரிடா மார்லின்ஸுக்கும். தொடரில் கப்ஸ் 3-2 முன்னிலை, இந்த ஆட்டத்திலும் 3-0. எட்டாவது இன்னிங்ஸில் ஒரு அவுட் விழுந்துவிட்டது, இன்னும் ஐந்து அவுட் எடுத்தால் வேர்ல்டு சீரிஸ். 1945க்குப் பிறகு கப்ஸ் அங்கே போனதே இல்லை, கோப்பை வென்றது 1908இல். எங்கள் கட்டிடத்தில் கீழ் வீட்டில் ஒரு பாட்டி இருந்தார், எண்பது வயசுக்கு மேல், கணவர் படத்துக்குப் பக்கத்தில் ரேடியோவை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரோடுதான் நான் இருந்தேன்.

மார்லின்ஸின் கஸ்டியோ அடித்த பந்து இடது பக்கம் கோட்டுக்கு வெளியே, ரசிகர்கள் உட்காரும் சுவரை ஒட்டி இறங்கியது. எங்கள் பீல்டர் அலூ ஓடி வந்து குதித்தார். சுவரோரம் இருந்த நாலைந்து பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள், ஒருவர் கையில் பந்து பட்டுத் தெறித்தது. கப்ஸ் தொப்பியும், காதில் ஹெட்ஃபோனும், கண்ணாடியும் போட்ட ஒரு இளைஞர். எங்களைப் போலவே ரேடியோ வர்ணனையைக் கேட்டுக்கொண்டே ஆட்டம் பார்த்தவர். அலூ கையுறையை உதறிக் கோபமாகக் கத்தினார். அம்பயர் இது ரசிகர் குறுக்கீடு இல்லை என்று விட்டுவிட்டார், பந்து ரசிகர் பக்கத்து இடத்தில் இறங்கியது என்பதால்.

அதுக்கு அப்புறம் என்ன நடந்தது என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள், நான் சொல்கிறேன். அதே கஸ்டியோவை வாக் விட்டு, அதாவது அடிக்காமலே, பேஸுக்கு அனுப்பினது எங்கள் பிட்சர் (பந்து வீசுபவர்). அடுத்தவர் அடித்து ஒரு ரன் வந்தது. அப்புறம் கப்ரேரா அடித்தது சாதாரணமாக உருண்டு வந்த பந்து, இரண்டு அவுட் எடுத்து இன்னிங்ஸையே முடித்திருக்கலாம், எங்கள் கொன்சாலெஸ் அதைக் கையில் வாங்கத் தவறவிட்டார். அதோடு அணை உடைந்தது, அந்த ஒரே இன்னிங்ஸில் 8 ரன். 8-3 தோல்வி. மறுநாள் ஏழாவது ஆட்டமும் இருந்தது, அதையும் 9-6 என்று தோற்றார்கள். அந்த இளைஞரா அன்றைக்கும் பந்து வீசினார்?

மைதானத்தில் நாற்பதாயிரம் பேர் அவரைப் பார்த்து அசிங்கமாகக் கத்தினார்கள், பீரை ஊற்றினார்கள். அவர் அசையாமல் உட்கார்ந்து மைதானத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். கடைசியில் காவலர்கள் அவர் தலையில் ஒரு சட்டையைப் போட்டு மூடி வெளியே கொண்டுபோனார்கள். மறுநாள் பெயரும் ஊரும் ஊடகத்தில் வந்துவிட்டது, வீட்டுக்குப் போலீஸ் காவல். அவர் மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். அந்தப் பந்தை ஒரு லட்சம் டாலருக்கு மேல் கொடுத்து ஏலத்தில் எடுத்து, அடுத்த பிப்ரவரியில் கூட்டம் கூட்டி வெடி வைத்து உடைத்தார்கள். ஊரே திருவிழா மாதிரி பார்த்தது. நான் பார்க்கவில்லை.

அவருக்கு விளம்பரத்துக்கும் பேட்டிக்கும் பணம் கொட்டித் தர ஆட்கள் இருந்தார்கள். ஒன்றும் வாங்கவில்லை. 2016இல் கப்ஸ் ஜெயித்தது, 108 வருடம் கழித்து, அதுவும் ஏழாவது ஆட்டம், நடுவில் 17 நிமிடம் மழை, பத்தாவது இன்னிங்ஸில் 8-7. அப்போதும் அவர் வெளியே வரவில்லை. 2017இல் அணி அவரைக் கூப்பிட்டு ஆட்டக்காரர்களுக்குத் தந்த அதே சாம்பியன் மோதிரத்தைத் தந்தது. விளையாட்டைப் பொழுதுபோக்காகப் பாருங்கள், ஒருவரைப் பலியாடு ஆக்காதீர்கள் என்ற பொருளில் நாலு வரி எழுதிக்கொடுத்துவிட்டுத் திரும்பவும் அமைதியாகிவிட்டார்.

கீழ் வீட்டுப் பாட்டி 2016 வரைக்கும் இல்லை. அந்த 2003 இரவில் ரேடியோவை அணைத்துவிட்டு அவர் என்னிடம் கேட்ட கேள்வி: "அந்தப் பையனை யாராவது வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டார்களா?"

---

ஆறாம்_இன்னிங்ஸ் எழுதியது:

செல்வி அக்கா, நான் நியூ ஜெர்சி, நியூயார்க் யாங்கீஸ் ரசிகன். நீங்கள் சொன்னதைப் படித்ததும் எங்கள் ஊர்க் கதை ஒன்று ஞாபகம் வந்தது.

1996, அக்டோபர் 9, யாங்கீ ஸ்டேடியம். பால்டிமோர் 4-3 முன்னிலை, எட்டாவது இன்னிங்ஸ். எங்கள் ஜீட்டர் வலது பக்கம் தூக்கி அடித்தார், பால்டிமோர் பீல்டர் டராஸ்கோ சுவரில் முதுகு சாய்த்துக் கையைத் தூக்கி நிற்கிறார், மேலே இருந்து 12 வயசுப் பையன் ஒருவன் கையுறையோடு சுவரைத் தாண்டிக் கையை நீட்டிப் பந்தை உள்ளே தட்டிவிட்டான். அம்பயர் ஹோம் ரன் கொடுத்துவிட்டார். 11ஆவது இன்னிங்ஸில் பெர்னி வில்லியம்ஸ் அடித்து யாங்கீஸ் ஜெயித்தது, அந்த வருடம் கோப்பையும் எங்களுக்கே. ஆட்டம் முடிந்து ஒளிப்பதிவைப் பார்த்தபின் அது ரசிகர் குறுக்கீடுதான் என்று அந்த அம்பயரே ஒப்புக்கொண்டார். அப்போது திரும்பப் பார்த்து முடிவை மாற்றும் வசதி கிடையாது, ஹோம் ரன்னுக்கு அது வந்ததே 2008இல்தான்.

அந்தப் பையனை என்ன செய்தோம்? தோளில் தூக்கி வைத்தோம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிட்டார்கள், பத்திரிகை முதல் பக்கத்தில் படம் போட்டார்கள். சிகாகோவில் நீட்டியது ஒரு கை, இங்கே நீட்டியதும் ஒரு கை. உண்மையில் விதிப்படி பார்த்தால் தப்பு எங்கள் பையனுடையதுதான், மைதானத்துக்குள் கை போனது அவனுடையது. ஜெயித்ததால் செல்லம், தோற்றதால் சாபம். இதில் நியாயம் எங்கே இருக்கிறது?

ஆனால் ஒன்றில் நான் உறுதி. 2024 வேர்ல்டு சீரிஸ் நாலாவது ஆட்டத்தில் எங்கள் ரசிகர்கள் இரண்டு பேர் முதல் இன்னிங்ஸிலேயே, டாட்ஜர்ஸின் மூக்கி பெட்ஸ் சுவரோரம் குதித்துப் பிடித்த பந்தை, அவர் கையுறையை விரித்துப் பிடுங்கினார்கள், ஒருவர் அவருடைய மற்றக் கையைப் பிடித்து இழுத்தார். பக்கத்தில் சிலர் அதற்குச் சிரித்தார்கள். அது ரசிகத்தனம் இல்லை. ஒரு மனிதனின் கையைப் பிடித்து முறுக்குவது அடிதடி. அவுட் கொடுத்தார்கள், இருவரையும் வெளியேற்றினார்கள், அடுத்த ஆட்டத்துக்கு விடவில்லை, பிறகு எல்லா மேஜர் லீக் மைதானங்களுக்குள்ளும் வரக்கூடாது என்று தடை போட்டார்கள். சரியான தண்டனை. அவர்களையும் 2003 இளைஞரையும் ஒரே வரியில் எழுதுகிறவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது.

---

நெய்தல் எழுதியது:

ஒரு சந்தேகம். கிரிக்கெட்டில் பந்து கூட்டத்துக்குள் வந்தால் திருப்பி எறிந்துவிடுவோம். இங்கே எதற்கு எல்லாரும் பாய்கிறார்கள்?

---

ஆறாம்_இன்னிங்ஸ் எழுதியது:

ஏனென்றால் இங்கே பந்து உங்களுக்கே சொந்தம், நூறு வருடமாக வழக்கம் அதுதான். ஃபவுல் பால் (கோட்டுக்கு வெளியே போகும் பந்து), ஹோம் ரன் எது வந்து விழுந்தாலும் பிடித்தவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம். அதற்காகவே குழந்தைகள் கையுறை போட்டுக்கொண்டு வருவார்கள். பிறந்ததில் இருந்து 'பந்து வந்தால் கையை நீட்டு' என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, ஒரு நாள் மட்டும் ஏன் நீட்டினாய் என்று கேட்கிறோம். விதியும் அதற்கு ஏற்ற மாதிரிதான்: பீல்டர் கூட்டத்துக்குள் கையை விட்டால் அது அவர் பொறுப்பு, கூட்டத்தில் உள்ளவர் மைதானத்துக்குள் கையை விட்டால்தான் குறுக்கீடு.

---

பெல்_டவர் எழுதியது:

ஃபிலடெல்பியாவில் இருந்து எழுதுகிறேன். எல்லாரும் அழுது முடித்திருந்தால் எதிர்ப்பக்கமும் கொஞ்சம் கேளுங்கள்.

ரசிகன் கத்தத்தான் செய்வான். அக்டோபர் டிக்கெட் விலை என்ன தெரியுமா? ஆட்டக்காரருக்குக் கோடிக் கணக்கில் சம்பளம், ஒழுங்காக ஆடாவிட்டால் ஊளையிடுவோம், அது எங்கள் உரிமை. எங்கள் ஊரில் அமைதியாக உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் போகும் வழக்கம் இல்லை. அந்தச் சத்தத்தால்தான் எதிரணி பிட்சர் கை நடுங்குகிறது, அதை எடுத்துவிட்டால் பிளேஆஃப் எதற்கு?

ஆனால் எங்களை முரடர்கள் என்று எழுதுகிறவர்கள் 2023 ஆகஸ்டைப் பார்க்க வேண்டும். 11 வருடத்துக்கு 300 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தில் வந்த ட்ரே டர்னர் அந்த வருடம் பாதி வரைக்கும் படுமோசம். ஊளையிட்டோம், உண்மைதான். அப்புறம் ஆகஸ்ட் 4 அன்று, அவர் பேட்டோடு வரும்போது எல்லாரும் எழுந்து நின்று கைதட்டலாம் என்று ஊருக்குள் பேச்சு பரவியது. எழுந்து நின்றோம். நான் இருந்தேன், என் பக்கத்து இருக்கைக்காரர் முந்தின வாரம் வரைக்கும் டர்னரை வாய்க்கு வந்தபடி திட்டியவர், அன்றைக்குக் கை சிவக்கத் தட்டினார். அந்த வருடம் மிச்சம் முழுக்க டர்னர் பிரித்து மேய்ந்தார். கூட்டத்துக்கு இந்தச் சக்தியும் இருக்கிறது.

இந்த அக்டோபரில் எங்களுக்கு நடந்தது தெரியும்தானே. டாட்ஜர்ஸோடு நாலாவது ஆட்டம், 11ஆவது இன்னிங்ஸ், இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். பந்து உருண்டு எங்கள் பிட்சர் கெர்க்கரிங்கிடம் வந்தது, 24 வயசுப் பையன். முதல் பேஸுக்கு எறிந்தால் இன்னிங்ஸ் முடிந்தது. பதற்றத்தில் பந்து காலடியில் நழுவி, எடுத்தவர் ஹோமுக்கு எறிந்தார், அது எங்கோ போனது. 2-1, எங்கள் வருடமே முடிந்தது. முழங்காலில் கையை வைத்துக் குனிந்து நின்றார், சக வீரர் கஸ்தெயானோஸ் தூரத்தில் இருந்து ஓடி வந்து தோளில் கை போட்டார். என் மனைவி தொலைக்காட்சியை அணைக்க விடவில்லை, "இருங்க, இன்னும் யார் யார் அவன் பக்கம் வர்றாங்கன்னு பார்ப்போம்" என்றாள். நானும் அன்றைக்கு ஒரு வார்த்தை திட்டவில்லை. முடியவில்லை.

---

வடலி எழுதியது:

பெல்_டவர் அண்ணை, கத்துவதில் எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை, நானும் தொண்டை போகும்வரை கத்தினவன்தான். ஒரு ஆட்டக்காரர் அடிபட்டு வலியில் போகும்போதும் கத்த வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஒக்டோபர் 17 அன்று சியாட்டிலில் ஸ்பிரிங்கர் முழங்காலில் பந்து பட்டு நொண்டிக்கொண்டு வெளியேறினபோது கூட்டத்தில் இருந்து ஊளைச் சத்தம் வந்தது. மூன்று நாள் கழித்து அதே காலோடு வந்துதான் அந்த ஹோம் ரன்னை அடித்தார்.

எங்கள் ஊரையும் நான் மறைக்கப் போவதில்லை. 2015 ஒக்டோபர் 14, டெக்சஸோடு கடைசி ஆட்டம், ஏழாவது இன்னிங்ஸ். எங்கள் கேட்சர் (விக்கெட் கீப்பர் மாதிரி) மார்ட்டின் பந்தைப் பிட்சருக்குத் திருப்பி எறியும்போது அது நின்றுகொண்டிருந்த டெக்சஸ் ஆட்டக்காரர் சூவின் மட்டையில் பட்டு உருண்டது, மூன்றாவது பேஸில் இருந்து ஓடோர் ஓடி வந்துவிட்டார், அம்பயர்கள் அந்த ஓட்டத்தைக் கொடுத்தார்கள். விதிப்படி சரியான முடிவு. ஆனால் மேல் தட்டில் இருந்து பியர் கான்களும் போத்தல்களும் பறந்து வந்தன, ஆட்டம் 18 நிமிடம் நின்றது. மேலே இருந்து எறிந்தது முழுக்க மைதானத்துக்குப் போகாது, கீழ்த் தட்டில் இருக்கிற எங்கள் சனத்தின் தலையில்தான் விழும். பிள்ளைகளோடு இருந்தவர்கள் மேலெல்லாம் விழுந்தது. பிறகு அதே இன்னிங்ஸில் டெக்சஸ் வரிசையாக மூன்று பிழை விட்டது, எங்கள் பட்டிஸ்டா ஹோம் ரன் அடித்து மட்டையைச் சுழற்றி எறிந்தார், எல்லோருக்கும் அந்த மட்டை மட்டும்தான் ஞாபகம். கான்கள் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை, ஏனென்றால் வென்றுவிட்டோம்.

வென்றதால் மறந்தோம், அடுத்த வருடமே அது திரும்பி வந்தது. 2016 வைல்ட் கார்டு (பிளேஆஃபின் முதல் சுற்று) ஆட்டத்தில் பால்டிமோரின் கிம் ஹியூன்-சூ கேட்ச் பிடிக்க நிற்கிறார், மேலே இருந்து வந்த ஒரு பியர் கான் அவருக்குப் பக்கத்தில் விழுந்தது. அவர் கண்ணை எடுக்காமல் பந்தைப் பிடித்தார். தலையில் விழுந்திருந்தால்?

---

சார்ல்ஸ்_கரை எழுதியது:

பாஸ்டன். இந்த ஊரில் 2002இல் இருந்து இருக்கிறேன், வந்த புதிதில் எல்லாரும் எங்கள் ரெட் சாக்ஸ் அணியின் பழைய ஆட்டக்காரர் பக்னர் பெயரைச் சொல்லித் துப்பாத குறை. 1986 வேர்ல்டு சீரிஸ் ஆறாவது ஆட்டத்தில் பந்து அவர் கால் இடுக்கில் போனது, நியூயார்க் மெட்ஸ் ஜெயித்தது. நான் பழைய ஒளிப்பதிவைத் தேடிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பந்து அவரிடம் வருவதற்கு முன்னாலேயே மெட்ஸ் சமன் செய்துவிட்டது, அதுவும் ஒரு தப்பான வீச்சால். அதோடு ஏழாவது ஆட்டம் ஒன்று மிச்சம் இருந்தது, அதில் 3-0 என்று முன்னால் போய்த் தோற்றார்கள். கணுக்கால் போன நிலையில் ஆடிய மனிதர் அவர். கொலை மிரட்டல் வந்தது, குடும்பத்தோடு ஐடஹோ போய்விட்டார். 2008இல் எங்கள் மைதானமான ஃபென்வேயில் முதல் பந்து வீசக் கூப்பிட்டார்கள், இடது பக்கச் சுவர்ப் பக்கமிருந்து தனியாக நடந்து வந்தார், மொத்தக் கூட்டமும் எழுந்து நின்றது, அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மன்னித்துவிட்டோம் என்று ஊர் பெருமைப்பட்டது. அதற்கு 22 வருடமும் இரண்டு கோப்பையும் தேவைப்பட்டதே.

நான் எழுத வந்தது வேறு. தோல்வியைப் பற்றியே பேசுகிறீர்கள். வெற்றி இரவும் ஆளைக் கொல்லும். 2004இல் யாங்கீஸிடம் 0-3 என்று இருந்து நாலு ஆட்டத்தையும் ஜெயித்த இரவு. ஊரே தெருவுக்கு வந்துவிட்டது, நானும் நண்பர்களோடு ஃபென்வே பக்கம் போனேன். முதல் அரை மணி நேரம் மாதிரி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை, முன்பின் தெரியாதவர்கள் கட்டிப்பிடிக்கிறார்கள். அப்புறம் சிலர் கம்பத்தில் ஏறினார்கள், போத்தல் எறிந்தார்கள், எங்கோ தீ வைத்தார்கள். போலீஸ் மிளகுக் குண்டு சுட்டது. ஒன்றும் எறியாத, சும்மா நின்ற 21 வயசுக் கல்லூரி மாணவி ஒருவரின் கண்ணில் பட்டு இறந்துபோனார். நகரம் அந்தக் குடும்பத்துக்கு ஐந்து மில்லியன் டாலருக்கு மேல் கொடுத்தது. நாங்கள் அதற்குள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம், காலையில் செய்தியில்தான் தெரிந்தது. ஜெயித்த அணிச் சட்டையை அன்றைக்கு நான் போடவில்லை.

அதனால் எல்லை எங்கே என்று கேட்டால் எனக்குக் குழப்பமே இல்லை. வாய் எவ்வளவு வேண்டுமானாலும் கத்தட்டும். கையில் இருக்கும் பொருள் கையிலேயே இருக்க வேண்டும்.

---

பெல்_டவர் எழுதியது:

சார்ல்ஸ்_கரை, அந்தக் கடைசி வரியை ஒத்துக்கொள்கிறேன்.

---

கணக்கன் எழுதியது:

ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை. இப்போது ஆட்டக்காரரைத் திட்டுகிறவர்களில் எத்தனை பேர் உண்மையில் ரசிகர்கள்? கைபேசியில் பந்தயம் கட்டித் தோற்றவர்களும் இருக்கிறார்கள். இந்த வருடம் மே மாதம் ஹியூஸ்டன் பிட்சர் மெக்கல்லர்ஸ் ஒரே ஒரு அவுட் எடுத்து 7 ரன் கொடுத்தார். அவர் குழந்தைகளைக் கொல்வேன் என்று மிரட்டல் வந்தது. போலீஸ் தேடிப் பிடித்தால் வெளிநாட்டில் இருந்து குடிபோதையில் எழுதிய ஒருவர், பந்தயத்தில் பணம் போன கோபமாம். பழைய ரசிகனுக்கு அணி ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். இவர்களுக்கு அணியே தேவையில்லை. மைதானத்தில் கான் எறிபவரைக் கேமரா பிடித்துவிடும், இவர்களை யார் பிடிப்பது?

---

செல்வி_சிகாகோ எழுதியது:

கணக்கன் சொல்வது உண்மை, ஆனால் 2003இல் பந்தயம் கட்டுகிற கைபேசி கிடையாது. அன்றைக்கு அந்த இளைஞர் மேல் பீர் ஊற்றியவர்கள் அத்தனை பேரும் சுத்தமான கப்ஸ் ரசிகர்கள், தாத்தா காலத்து ரசிகர்கள். எல்லாவற்றையும் வெளி ஆள் தலையில் போட்டுவிட முடியாது.

---

வடலி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, எழுதினதையெல்லாம் இரண்டு தரம் வாசித்தேன்.

நேற்று மாமா வீட்டுக்குப் போனேன். செல்வி அக்கா எழுதினதைக் கைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன், அந்தப் பாட்டியின் கேள்வி வரைக்கும். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு ஒன்பதாவது இன்னிங்ஸை முதலில் இருந்து போடு என்றார். போட்டேன். பிஷெட் முழங்கால் சரியில்லாமல் அடித்துவிட்டு நடந்தே போனது, அவருக்குப் பதிலாக ஓடுவதற்குத்தான் கைனர்-ஃபலேஃபா உள்ளே வந்தது, பார்ஜருக்கு வாக், கேர்க் உடம்பில் பந்து பட்டது, எல்லாவற்றையும் பார்த்தார். ஹோமில் டொட்ஜர்ஸ் கேட்சர் ஸ்மித்தின் கால் தட்டை விட்டு எழும்பித் திரும்ப வைத்த இடத்தை நிறுத்தச் சொல்லி, கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் போய்ப் பார்த்தார். பாஹெஸ் கேட்ச் வந்ததும், "இதை நான் அண்டைக்குப் பாக்கவே இல்லை, கண்ணை மூடியிட்டன்" என்றார்.

ஒரு கிழமை முழுக்க ஒருவரைத் திட்டின மனிதர் அந்த இன்னிங்ஸை முழுதாகப் பார்க்கவே இல்லை.

போகும்போது பார்த்தேன், அந்த நீலச் சட்டை தோய்த்துக் கொடியில் கிடந்தது.

---

நெய்தல் எழுதியது:

செல்வி அக்கா, அந்த இளைஞர் உட்கார்ந்திருந்த இடம் இன்னும் அப்படியே இருக்கிறதா?

---

செல்வி_சிகாகோ எழுதியது:

இருக்கிறது நெய்தல். எட்டாவது வரிசை, 113ஆம் எண். ஆட்டத்துக்கு வருகிறவர்கள் தேடிப் போய்ப் படம் எடுத்துக்கொள்வார்கள்.

இரண்டு வருடம் முன்பு ஒரு சாதாரண ஜூன் மாத ஆட்டத்துக்கு மகளோடு போயிருந்தேன், ஒன்பது வயசு. ஆட்டம் தொடங்க நேரம் இருந்தது, இருக்கை காலியாக இருந்தது, உட்கார வைத்தேன். கதை எதையும் அவளுக்குச் சொல்லவில்லை. சுவர் முன்னாலேயே இருக்கிறது, அவ்வளவு பக்கம் என்று நானும் அதுவரை நினைத்ததில்லை. ஆட்டக்காரர்கள் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தார்கள், பந்து ஒன்று எங்கள் பக்கமாக மேலே ஏறியது, எங்கோ தூரத்தில்தான் விழுந்தது. ஆனால் அது காற்றில் இருக்கும்போதே அவள் எழுந்து நின்று இரண்டு கையையும் நீட்டிவிட்டாள். அவளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த நாலு பேரும்தான். நானும்தான்.